மத்பக் என்றால் அடுப்படி

ஹலீமாவுக்கு அப்போது எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று மட்டும் பாதி முளைத்திருந்தது. காலை முதல் பீரியடில் என் மேஜையருகே வந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலிருந்த சின்னக் கதவை நகத்தால் நெம்பித் திறந்தாள். கதவின் மேல் அரபியில் ஒரு சொல். கதவுக்குப் பின்னால் ஐந்து விரலும் விரிந்த ஒரு கை.

“யத்” என்றாள். “யத்துன்னா கை.”

“சரி, அடுத்தது?”

அடுத்த கதவுக்கு அவள் போகவில்லை. அதே கதவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“டீச்சர், இந்த யத் எங்க வீட்டுச் செவுத்துல இருக்குங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சுவரில் கை முளைத்திருக்கிறதா என்று பின் வரிசையில் ஒருத்தி கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, இந்த வாரம் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம்

திருச்சியில், பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் பெண் குழந்தைகள் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரைதான். தோல் மண்டி வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள். பக்கத்துக் கிடங்கில் உப்புப் போட்ட தோல் அடுக்கியிருப்பார்கள். மழை பெய்தால் அந்த வாடை வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். ட்ரெயினிங் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை அது.

தமிழ், கணக்கு எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலத்தான். காலையில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் அரபி. அரபி என்றால் எழுத்துக்கூட்டுவது. எழுத்துக்கு மேலே கோடு இருந்தால் இப்படிச் சொல், கீழே இருந்தால் அப்படிச் சொல் என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்து, குர்ஆனை ஓதும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். வீட்டில் இனிப்புக் கொடுப்பார்கள். ஓதுவதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதட்டல்தான் கிடைத்திருக்கும்.

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா, வடக்கே ஒரு மதரஸாவில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஆண் பிள்ளை இல்லாததால் எனக்கு வீட்டிலேயே அரபியை அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தார். அதனால் எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. இந்தத் தெருவில் எல்லோரும் ஓதுகிறார்கள், நான் ஒருத்திதான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைக்கனத்தில்தான் கதவுப் புத்தகம் பிறந்தது.

வேதவல்லியின் தளிகை உள்

ட்ரெயினிங் ஸ்கூல் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் எழுதினேனே, அந்தச் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க வாரத்துக்கு இரண்டு நாள் எனக்குப் புளியோதரை கொண்டுவந்து தந்தவள் வேதவல்லி. ஸ்ரீரங்கத்துப் பெண். வடக்குச் சித்திரை வீதியில் வீடு. கைவேலைப் பரீட்சைக்கு அவள் ஓர் அட்டைப் புத்தகம் செய்தாள். ‘அ’ என்று எழுதிய அட்டைக் கதவைத் திறந்தால் உள்ளே அணில். ‘ஆ’வைத் திறந்தால் ஆமை. பரீட்சை பார்க்க வந்த அம்மையார் வேலையை மறந்து எல்லாக் கதவையும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அதை அரபிக்குச் செய்து தரும்படி வேதவல்லியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டிகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், கிழிந்த மல் துணி எல்லாம் சேர்த்து எடுத்துப் போவேன். அவள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுப் பசை வைத்திருப்பாள். அவளுடைய அம்மா எனக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரில் காபி தருவார். வேதவல்லி அதில் பாதியை எடுத்துக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவாள். அவள் அம்மா பார்க்காததுபோல உள்ளே போய்விடுவார்.

“ஏண்டி சபியா, இந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன போடணும்?”

“மத்பக்.”

“அப்படின்னா?”

“அடுப்படி.”

“அதை மொதல்ல சொல்லேன். எங்காத்துத் தளிகை உள்ளையே வரைஞ்சுடறேன்.”

அப்படித்தான் எங்கள் அரபி அடுப்படியில் ஈயச் சொம்பும், குமுட்டி அடுப்பும், பரணில் மாவடு ஜாடியும் வந்து சேர்ந்தன. குழந்தைகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கிழமைகளுக்கு ஒரு சக்கரம் செய்தாள். நடுவில் சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்திருந்தாள். சுற்றினால் சின்ன ஜன்னலில் கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். வியாழக்கிழமைக்குக் கமீஸ். சட்டைக்கும் கமீஸ். இரண்டுக்கும் அரபியில் எழுத்து வேறு, சத்தமும் வேறு. எங்கள் குழந்தைகள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். வியாழன் வந்து நின்றதும் எல்லோரும் சட்டையைப் பிடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். மருத்துவருக்கு, அதாவது தபீபுக்கு, ஒரு பை. பட்டையை இழுத்தால் பையின் வாய் திறந்து மருந்து சீசா எட்டிப் பார்க்கும்.

முகம் மட்டும் எங்கும் வரையவில்லை. உருவப்படம் கூடாது என்று கமிட்டியில் ஆட்சேபணை வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது வேறு ஆட்சேபணை. கமிட்டிப் பெரியவர் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டி, “இது ஓதுற கிதாபா, வெளாட்டுச் சாமானாம்மா?” என்றார்.

“ரெண்டும்தாங்க” என்றேன்.

அவர் அடுப்படிக் கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு பள்ளித் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தை மேஜையில் தேடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கதவுகள் சின்னவை. அதனால் சொற்களை நான் பெரிதாக, மேலே கீழே கோடுகள் போட்டு எழுதவில்லை. அத்தா கடிதம் எழுதுவாரே, அந்த மாதிரி வேகமான கூட்டெழுத்தில், கோடு எதுவுமில்லாமல் எழுதினேன். குழந்தைகள் எழுத்துக்கூட்டவில்லை. ஒரு தெரிந்த முகத்தை அடையாளம் காண்பதுபோலச் சொல்லை முழுசாகப் பார்த்து அடையாளம் கண்டார்கள். எங்கள் தெருவில் அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் என் அத்தாவுக்கும் எனக்கும் அடுத்தபடி அந்த இருபத்திரண்டு குழந்தைகள்தான் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

அவர்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வக்கீல் அரபிச் சொல், பாக்கி அரபிச் சொல், ஆஜர், ரத்து எல்லாம் அரபிச் சொல் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒருத்தி, “எங்க வாப்பா கோர்ட்டுக்குப் போனா முழுக்க அரபிதான் பேசுறாங்க டீச்சர்” என்றாள்.

ஒவ்வொரு சொல்லாக

ஹலீமாவின் சுவருக்கு வருகிறேன்.

அவளுடைய அத்தா பெயர் அப்துல் காதர். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கும் பண்டாரி. நல்ல கைப்பக்குவம். பம்பாய் வழியாகக் குவைத்துக்குப் போய் ஒரு கம்பெனியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று தெருவில் பேச்சு. அவர் மனைவி மைமூன் பக்கத்துப் பட்டறையிலிருந்து செயற்கைக் கற்கள் வாங்கி வந்து வீட்டில் பட்டை தீட்டிக் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றினாள். யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

கடிதம் நின்ற சில மாதங்களில் குவைத்துத் தபால்தலை ஒட்டிய ஓர் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். முழுக்க அரபி. கீழே வட்டமாக ஒரு முத்திரை. மைமூன் தலையில் முக்காடிட்டு அதை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலில் ஓதிவைக்கும் லெப்பையிடம் போனாள். லெப்பைக்குக் கண்ணில் புரை. முதல் வரி பெரிதாக இருந்தது. பிஸ்மில்லாஹ். அதை ஓதினார். இரண்டாவது வரியில் அப்துல் காதர் என்று தட்டுப்பட்டது. பாக்தாதில் அடங்கியிருக்கும் பெரிய இறைநேசரான அவுலியாவின் பெயரும் அதுதானே.

“துஆவும்மா இது. பெரியவங்க பேருல எழுதுன துஆ. வூட்டுல பரக்கத்து பெருகணும்னு உங்க வூட்டுக்காரரு அனுப்பியிருக்காரு. கண்ணாடி போட்டு மாட்டு.”

பிரார்த்தனை என்று நம்பிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். அந்தத் தெருவில் காய்ச்சல் கண்ட குழந்தைகளை அந்தக் கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி ஓதி ஊதினார்கள். பிரசவ வலி எடுத்த பெண்கள் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நானும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

‘யத்’தைக் கண்டுபிடித்த பிறகு ஹலீமாவுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. வீட்டில் முக்காலி போட்டு ஏறி நின்று பார்ப்பாள் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து, “பாப் இருக்கு டீச்சர், கதவு” என்றாள்.

துஆ என்றால் கை ஏந்துவது இருக்கும், ரஹ்மத்தின், அதாவது இறையருளின், கதவு திறக்கட்டும் என்று இருக்கும். “ஆமாம், இருக்கும்” என்றேன்.

அடுத்த வாரம் சக்கரத்தைச் சுற்றி வியாழனில் நிறுத்தினாள். “இதுவும் இருக்கு.”

வியாழன் மாலையிலிருந்தே வெள்ளிக்கிழமையின் சிறப்புத் தொடங்கிவிடுகிறது. அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். பிறகு தபீப். நோய் தீர்க்க ஓதுகிற துஆவாக இருக்கும் என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. டீச்சர் அல்லவா.

“அத்தா பேரும் இருக்குங்க” என்றாள். “அம்மாதான் அது அவுலியா பேருன்னாங்க.”

“அம்மா சொல்றது சரிதான். உக்காரு.”

மறுநாள் அவள் புத்தகத்தைத் திறந்து அடுப்படிக் கதவில் விரலை வைத்தாள்.

“மத்பக். இதுவும் இருக்கு டீச்சர்.”

நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

எந்தத் துஆவில் அடுப்படி வரும்?

திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு தப்பும் செய்யாத முகத்தோடு நின்றாள். “நல்லாப் பாத்தியா?” என்றேன். “நல்லாப் பாத்தேங்க. மீம், தா, அப்புறம் பா, கடைசியில கா. நம்ம புத்தகத்துல உள்ள மாதிரியே இருக்கு.”

சாக்பீஸை வைத்தேன்.

சுவருக்கு முன்னால்

மத்தியானம் பள்ளி விட்டதும் அவளோடே போனேன். மைமூன் பட்டை தீட்டும் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“புள்ள ஏதும் சேட்டை பண்ணிருச்சாங்க டீச்சர்?”

“இல்லக்கா. அந்தத் துஆவக் கொஞ்சம் பாக்கணும்.”

ஆணியிலிருந்து அவளே கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடியின் மேல் சாம்பிராணிப் புகை மஞ்சளாகப் படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். நின்ற இடத்திலேயே படித்தேன். படிக்கப் படிக்கக் காதில் ஒரு இரைச்சல் கேட்டது. சக்கரம் இன்னும் ஓடுகிறது என்று நினைத்தேன். அது எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

“என்னங்க டீச்சர், என்ன துஆ அது?”

“துஆ இல்லக்கா. கடுதாசி.”

“யாருக்கு?”

“உங்களுக்கு.”

அவளுக்கு விளங்கவில்லை. நான் உட்கார்ந்து, அவளையும் உட்காரவைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இன்றும் மனப்பாடமாக இருக்கிறது.

இந்தியரும் சமையல்காரருமான அப்துல் காதரின் வீட்டாருக்கு ஸலாம். அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து அவருடைய வலது கை வெந்துபோனது. மருத்துவர் நான்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவரால் எழுத முடியாததால் அவர் சொல்ல, இந்த மருத்துவமனையின் எழுத்தரான நான் எழுதுகிறேன். உயிருக்கு ஆபத்தில்லை, அல்லாஹ்வுக்கே புகழ். இந்தியத் தபால் இங்கே வியாழக்கிழமைகளில் வருகிறது. ஒவ்வொரு வியாழனும் அவர் வாசற்கதவின் அருகே போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு வரியாவது எழுதுங்கள்.

மக்காவில் போட்டது என்று எல்லோரும் முத்திக்கொண்ட அந்த வட்ட முத்திரை, மருத்துவமனையின் முத்திரை. தேதி போட்டிருந்தது. பத்து மாதம் ஆகியிருந்தது.

மைமூன் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பத்து மாசத்துக்கு நாப்பது வியாழக்கெழமை இருக்குமாங்க?”

“இருக்கும்க்கா. அதுக்கு மேலயும் இருக்கும்.”

“அன்னைக்குத்தானேங்க நான் இதுக்குச் சாம்பிராணி போடுவேன்” என்றாள். “வாரம் தவறாம. அவரு அங்க கதவுகிட்ட உக்காந்திருந்திருக்காரு. நான் இங்க அவரு கடுதாசிக்குப் பொகை போட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹலீமா ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். தான் ஏதோ கெட்டது செய்துவிட்டதாக நினைத்து, “நான் சும்மாத்தாம்மா படிச்சேன், சும்மாத்தான் படிச்சேன்” என்று கேவினாள்.

நான் செய்தது

இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் காகிதத்தை மாட்டிய சில நாட்களில் மைமூன் வீட்டில் நபியவர்களின் புகழ்ப்பாட்டான மௌலூது ஓதினார்கள். என்னையும் அழைத்திருந்தாள். வெல்லப் பாச்சோறும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டு, “டீச்சர், தொட்டு முத்திக்குங்க” என்று சுவரைக் காட்டினாள். போனேன். முதல் வரியில் பிஸ்மில்லாஹ்வைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். வலது கையால் கண்ணாடியைத் தொட்டு, விரல் நுனியை உதட்டில் வைத்துக்கொண்டேன்.

காகிதத்துக்கும் என் கண்ணுக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அந்த எழுத்து அத்தாவின் எழுத்தைப் போன்ற எழுத்து. அவ்வளவையும் எனக்குப் படிக்கத் தெரியும். ஒரு நிமிஷம் போதும். லெப்பைக்காவது கண்ணில் புரை. எனக்கு என்ன வந்தது? எழுத்துக்கு அர்த்தம் உண்டு என்று குழந்தைகளுக்குச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பசை காய்ச்சியவள் நான். அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவள் நான்.

வேதவல்லியிடம் போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“நானாயிருந்தாலும் கண்ணை மூடிண்டுதான் சேவிச்சிருப்பேண்டி” என்றாள். “எங்காத்துலயும் அப்படித்தானே. என்ன எழுதியிருக்குன்னு யாரு பார்க்கறா?”

எனக்கு அது ஆறுதலாக இல்லை.

லெப்பை தானாகவே மைமூன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். நானும் அங்கே இருந்தேன்.

“கண்ணு தெரியலம்மா எனக்கு. ஆனா கண்ணு தெரிஞ்சிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஓதத் தெரியும். அர்த்தம் தெரியாது. இத்தனை வருசத்துல ஒருத்தரும் என்கிட்ட அர்த்தம் கேட்டதில்ல. கேட்டிருந்தா, தெரியாதுன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ.”

மைமூன் அவரைத் திட்டவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமலேயே போய்விட்டார்.

பதில்

பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த இடி. உயிரோடிருக்கும் ஓர் அரபிக்கு நான் அதுவரை ஒரு வரி எழுதியதில்லை. சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் ஒட்டகத்துக்கும் எனக்குச் சொல் தெரியும். ‘அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா’ என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதில், மைமூன் சொன்னதை அப்படியே எழுதினேன். கடிதம் கிடைத்தது, படிக்க ஆளில்லாமல் இருந்துவிட்டது, நாங்கள் காத்திருக்கிறோம்.

‘படிக்க ஆளில்லாமல்’ என்று எழுதும்போது பேனா ஓடவில்லை. ஆனாலும் எழுதினேன்.

முத்திரையிலிருந்த விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மைமூன் சக்கரத்தை நிறுத்திவிடுவாள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து மாதத்தில் என்னதான் நடந்திருக்காது?

ஏழெட்டு வாரம் ஆயிற்று. அந்த எழுத்தரிடமிருந்தே பதில் வந்தது. அப்துல் காதர் மருத்துவமனையை விட்டுப் போய்ப் பல மாதங்களாகிவிட்டன என்றும், வீட்டாருக்கு இனித் தான் வேண்டாம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை மைமூனுக்குப் படித்துச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, ஒரு தடவை படிக்காமல் விட்டது போதும் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர் அந்த எழுத்தர். தேடி விசாரித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து, எங்கள் கடிதத்தைக் கையிலேயே கொடுத்திருக்கிறார். கடைசியில் எனக்கும் ஒரு வரி. ‘உங்கள் அரபி ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவர்களின் அரபியைப் போலிருக்கிறது. ஆனாலும் எனக்கு எல்லாம் விளங்கியது.’

அடுத்த வாரமே தமிழில் ஒரு தாள் வந்தது. எழுத்துகள் ஒன்றுமேல் ஒன்று ஏறி, கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் எழுத்துப் போலிருந்தது. இடது கையால் எழுதியிருந்தார். மூன்றே வரிகள். அதை ஹலீமாதான் படித்தாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

வந்த பிறகு

அவர் ஊர் திரும்ப மேலும் அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பம்பாயில் இறங்கி, ரயில் மாறித் திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்கினாராம். ஒரு வாரம் போகட்டும் என்று காத்திருந்து போய்ப் பார்த்தேன்.

மெலிந்து, தலை நரைத்துப்போயிருந்தார். வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“உக்காருங்க டீச்சர். நீங்க இல்லன்னா நான் அங்கயே கெடந்திருப்பேன்.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே” என்றேன். “மாட்டுன புதுசுல நானும் அதப் பாத்தேன். படிக்கல. தொட்டு முத்திக்கிட்டு வந்துட்டேன்.”

மைமூன் காட்டித்தான் தொட்டேன் என்றாலும், இதை அவளிடம்கூட நான் அதுவரை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. அவள் அடுப்படி வாசலில் நின்றவள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் துண்டை இழுத்துக் கையை நன்றாக மூடிக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

“உங்க மேல குத்தமில்லைங்க” என்றார். “அந்த எழுத்தரு நல்ல மனுசன். இங்கிலீஷும் தெரியும் அவருக்கு. ‘உங்க ஊருக்கு இங்கிலீஷ்ல எழுதட்டுமா’ன்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். எங்க தெருவுல இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள வலை போட்டுத் தேடணும்ங்க, அரபின்னா சின்னப் புள்ளைங்ககூட கடகடன்னு படிக்கும், அரபியிலயே எழுதுங்கன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நிஜமாகவே, வேடிக்கை ஒன்றைச் சொன்னவர்போலத்தான் சிரித்தார்.

மைமூன் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை படிகிறவரைக்கும் அதை எடுக்க எனக்குக் கை எழவில்லை.